கட்டளை வரியிலிருந்து கைப்பேசிக்கு எச்சரிக்கை: புழு வளர்ப்பு மனைக்குச் செயலி எழுதத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2025

அண்ணா, பாலக்கோடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனையும் இருக்கின்றன. மனைக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை கணினியும் வெப்பம், ஈரப்பதம் அளக்கும் சென்சார்களும் வைத்திருக்கிறேன். அளவுகள் கோப்பில் பதிவாகின்றன, ஆனால் நானே போய்த் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது. வெப்பம் கூடினால் என் கைப்பேசியில் மணி அடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை நாமே எழுதினால்தான் புஷ் அறிவிப்பு வரும் என்றும், முடியாவிட்டால் எஸ்எம்எஸ் சேவையை விலைக்கு வாங்க வேண்டும் என்றும் தருமபுரியில் கணினி படித்த நண்பர் உறுதியாகச் சொல்கிறார். எனக்குச் செயலி எழுதத் தெரியாது. வேறு வழி உண்டா?

2 மார்ச் 2025, இரவு

உண்டு, தம்பி. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கைப்பேசியில் ஏதோ ஒரு செயலி இருந்தால்தான் அறிவிப்பு வரும். ஆனால் அந்தச் செயலியை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசி கூகுளின் சர்வரோடும் ஐஃபோன் ஆப்பிளின் சர்வரோடும் எப்போதும் ஒரே ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கின்றன; பெரும்பாலான செயலிகளின் அறிவிப்புகள் அந்த ஒரு வழியாகத்தான் வந்து சேருகின்றன. அந்த வழியில் செய்தியைப் போடும் உரிமை செயலியின் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. ஆகவே ஏற்கெனவே செயலி வெளியிட்டிருக்கும் ஓர் இடைநிலைச் சேவையிடம் நாம் செய்தியைக் கொடுத்தால், அது கூகுளிடமோ ஆப்பிளிடமோ கொடுத்து, உங்கள் கைப்பேசியில் உள்ள தன் செயலிக்கு அனுப்பிவிடும். இடைநிலைச் சேவையிடம் கொடுப்பதற்குத் தேவையானது ஒரு எச்டிடிபி போஸ்ட் கோரிக்கை (இணைய முகவரி ஒன்றுக்குத் தரவை அனுப்பும் வழி) மட்டுமே. உங்கள் ராஸ்பெர்ரி பையில் கர்ல் இருக்கும். கட்டளை வரியிலிருந்து இணைய முகவரிகளுக்குக் கோரிக்கை அனுப்பும் கருவி அது, 1998 முதல் வெளிவருகிறது. கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் கர்ல் என்று தொடங்கும் ஒரு வரியே போதும்.

நேரே கூகுளுக்கே அனுப்பக் கூடாதா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன். கூடும், ஆனால் அதைப் பராமரிப்பது தனி வேலையாகிவிடும். ஜிசிஎம் என்ற பழைய வழியைக் கூகுள் 2019 இல் மூடியது. அதற்கடுத்து வந்த எஃப்சிஎம்மில், ஒரே நிலையான சாவியைக் கொண்டு அனுப்பும் எளிய முறை 2024 இல் நிறுத்தப்பட்டது. இப்போது சிறிது நேரமே செல்லுபடியாகும் டோக்கனை (அனுப்புபவரை அடையாளம் காட்டும் ரகசிய எழுத்துக் கோவை) அவ்வப்போது புதிதாகப் பெற்றுக்கொண்டுதான் அனுப்ப முடியும். இந்த மாற்றங்களின் சுமையை இடைநிலைச் சேவை ஏற்றுக்கொள்கிறது, நம் ஒற்றை வரி மாறாமல் இருக்கிறது.

3 மார்ச் 2025

எஸ்எம்எஸ் பற்றி நண்பர் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் நிரல் வழியாக, நிறுவனச் சேவை மூலம் எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு டிஎல்டி பதிவு வேண்டும்: அனுப்புபவர் யார், எந்தப் பெயரில் வரும், செய்தியின் வார்ப்பு என்ன என்பவற்றை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். வங்கிக்கும் பள்ளிக்கும் அது சரி. ஒரு குடும்பம் தன் மனையின் வெப்பத்தைத் தனக்கே சொல்லிக்கொள்ள அது தேவையில்லாத பாரம். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தாம் அடங்கும், ஆங்கிலத்துக்கு 160.

ஆனால் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு பலம் உண்டு: பெறுபவரின் கைப்பேசியில் இணையம் இல்லாவிட்டாலும் அது வந்து சேரும். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் டேட்டா சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

5 மார்ச் 2025

எந்தச் சேவை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் புழு வளர்ப்பு மனையில் அம்மா இருக்கிறார், நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். இருவர் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் செய்தி வர வேண்டும் என்பதே என் தேவை. அந்தக் கண்ணோடு பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

நோட்டிஃபை (எழுத்தில் என்.டி.எஃப்.ஒய்.) மிகவும் எளியது. கணக்குத் தொடங்க வேண்டாம். ஒரு தலைப்புப் பெயரை நீங்களே தேர்ந்து, கைப்பேசிச் செயலியில் அந்தப் பெயருக்குச் சந்தா சேர்த்துவிட்டு, கர்லில் கட்டளையோடு சேர்க்கும் டி என்ற விருப்பத்துக்குப் பின் செய்தியையும் அதன் பின் நோட்டிஃபை தளத்தின் முகவரியோடு அந்தத் தலைப்புப் பெயரையும் எழுதினால், சில நொடிகளில் மணி அடிக்கும். முன்னுரிமை 1 முதல் 5 வரை உண்டு. 5 தான் மிக அவசரம். திறந்த மூல மென்பொருள் என்பதால் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம்.

புஷ்ஓவருக்குக் கணக்கு வேண்டும். சோதனைக் காலமான 30 நாள்களுக்குப் பிறகு ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒருமுறை மட்டும் சுமார் 5 டாலர் கட்ட வேண்டும். மாதாந்தரச் சந்தா இல்லை. அனுப்பும்போது மூன்றைக் கொடுக்க வேண்டும்: நிரலின் டோக்கன், பயனரின் சாவி, செய்தி. மாதம் 10,000 செய்திகள் வரை கட்டணம் இல்லை, ஒரு மனைக்கு அதில் சிறு பங்குகூடச் செலவாகாது.

டெலிகிராம் வைத்திருப்பவர்கள் பாட் (நிரல் வழியாகத் தானே செய்தி அனுப்பும் கணக்கு) ஒன்றை உருவாக்கி அதன் வழியாக அனுப்பலாம். 2015 முதல் அந்த வசதி இருக்கிறது. பாட் தானாக முதலில் யாருக்கும் எழுத முடியாது, பெறுபவர் ஒருமுறை தொடங்கி வைக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். டெலிகிராமில் உறவினர் குழுக்களின் காலை வணக்கங்களுக்கு நடுவே மனையின் எச்சரிக்கையும் வந்து நிற்கும் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. எச்சரிக்கைக்கென்றே தனி ஒலியும் தனிச் செயலியும் இருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் நோட்டிஃபையில் தொடங்குங்கள். இன்று மாலையே வேலை செய்வதைப் பார்த்துவிடலாம்.

6 மார்ச் 2025

ஒரு நிபந்தனை. நோட்டிஃபையின் பொது சர்வரில் தலைப்புப் பெயரே கடவுச்சொல். பெயரை அறிந்த எவரும் படிக்கலாம், எவரும் அனுப்பலாம். ஊர்ப் பெயரையோ பட்டு என்ற சொல்லையோ வைக்காதீர்கள். ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவை ஒன்றை வையுங்கள். செய்தியில் முகவரி, தொலைபேசி எண் எதுவும் வேண்டாம்.

9 மார்ச் 2025

“செய்தி வந்துவிட்டது, கட்டளைக் கோப்பான ஸ்கிரிப்டில் போட்டுவிட்டேன், முடிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கர்ல் ஒரு கோரிக்கையை அனுப்பி, எதிர்ப்பக்கம் “இந்த டோக்கன் செல்லாது” என்று 400 எண்ணோடு மறுத்தாலும், இயல்பாக அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டு வெளியேறு எண்ணை (நிரல் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) வெற்றியைக் குறிக்கும் பூஜ்யமாகக் கொடுக்கும். பதில் வந்ததா என்பதைத்தான் அது பார்க்கிறது, அந்தப் பதில் என்ன சொல்கிறது என்பதை அல்ல. ஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் 400உம் அதற்கு மேலும் எண் உள்ள பதில்களுக்குத் தோல்வியைக் காட்டும். அப்போது வெளியேறு எண் 22. பெயரைக் கொண்டு சர்வரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் 6, இணைய முடியாவிட்டால் 7, நேரம் கடந்துவிட்டால் 28, சான்றிதழைச் சரிபார்க்க முடியாவிட்டால் 60. இவற்றைத் தேதியோடு ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைத்தால், செய்தி வராத இரவைப் பற்றி மறுநாள் காலை ஆராயும்போது எங்கே நின்றது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

மேக்ஸ்-டைம் விருப்பத்தைக் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் கர்ல் ஒட்டுமொத்தமாக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. ராவுட்டர் இணைப்பு பாதியில் தொங்கினால் ஸ்கிரிப்டும் தொங்கும், நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் லினக்ஸ் சேவை) புதிய ஸ்கிரிப்டைத் தொடங்கிக்கொண்டே போகும், விடியும்போது கணினியின் நினைவகம் நிரம்பிக் கிடக்கும். 20 நொடி போதும். ரீட்ரை விருப்பத்தையும் சேருங்கள்: நேரம் கடந்தாலும், 429, 500, 502, 503, 504 போன்ற தற்காலிக மறுப்புகள் வந்தாலும், ஒரு நொடியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு மீண்டும் முயலும். டோக்கன் தவறு போன்ற 400 மறுப்புக்கு அது மீண்டும் முயலாது, அது சரியான நடத்தைதான். சர்வர் இணைப்பை மறுத்துவிட்டது என்பது போன்ற எல்லாத் தவறுகளுக்கும் முயல வேண்டுமென்றால் ரீட்ரை-ஆல்-எரர்ஸ் என்று தனி விருப்பம் உண்டு, கர்லின் 7.71 பதிப்பு முதல்தான் கிடைக்கும் என்பதால், பழைய மெமரி கார்டில் ஓடும் கணினியானால் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச் 2025, பிற்பகல்

மேலே விட்டுப்போனது. புஷ்ஓவர் போன்ற படிவ முறைச் சேவைகளில் டி விருப்பத்தோடு செய்தியை அப்படியே எழுதினால், செய்தியில் உள்ள கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும். ஆம்பர்சேண்ட் குறி இருந்தால் அந்த இடத்தோடு செய்தி வெட்டுப்படும். டேட்டா-யுஆர்எல்என்கோட் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். நோட்டிஃபையில் செய்தி படிவமாகப் போவதில்லை, உடற்பகுதியாக அப்படியே போகிறது. ஆகவே அங்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு கோப்பிலிருந்து எடுத்து அனுப்பினால் டி விருப்பம் வரிமுறிவுகளை நீக்கிவிடும், டேட்டா-பைனரி அவற்றைக் காப்பாற்றும்.

14 மார்ச் 2025

தமிழில் அனுப்பலாமா என்று காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தமிழில்தான் அனுப்ப வேண்டும் என்பேன். எங்கள் அம்மாவுக்கு “டெம்ப் ஹை” என்று வந்தால் என்னை அழைத்துக் கேட்பார், “மனைக்குள் வெப்பம் 31.5. தெற்கு ஜன்னல் சாக்கை நனைக்கவும்” என்று வந்தால் எழுந்து போய் நனைத்துவிடுவார். அளவும் செய்ய வேண்டிய வேலையும் செய்தியிலேயே இருக்க வேண்டும். படிப்பவர் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பார்.

நீளத்தைக் கணக்கிடும்போது மட்டும் கவனம் வேண்டும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும்; புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியே. வெப்பம் என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி, 21 பைட். நோட்டிஃபையின் எல்லை 4096 பைட். அதற்கு மேல் போனால் செய்தி இணைப்புக் கோப்பாக மாறிவிடும். அதாவது ஏறக்குறைய 1365 தமிழ்க் குறிகள். எச்சரிக்கைக்கு இது தாராளம், ஆனால் நாள் முழுவதற்குமான அளவுப் பட்டியலை ஒரே செய்தியில் திணித்தால் இடிக்கும். புஷ்ஓவர் 1024 எழுத்துக்குறிகள் வரை ஏற்கிறது. அது பைட்டை எண்ணுவதில்லை என்பதால் தமிழுக்கு வசதி.

நோட்டிஃபையில் செய்தியின் தலைப்பு எச்டிடிபி தலைப்புவரியில் போகிறது. கர்ல் அங்கே தமிழை அப்படியே அனுப்பிவிடும். சில நிரல்மொழி நூலகங்கள் மறுக்கும். அப்போது ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பினால் தீர்ந்தது.

18 மார்ச் 2025

“நள்ளிரவில் 85 டிகிரி என்று செய்தி வந்தது, பதறி ஓடினேன், மனை குளிர்ந்துதான் இருந்தது” என்ற உங்கள் செய்தியைப் படித்தேன். வெப்பத்துக்கு நீங்கள் வைத்திருப்பது டிஎஸ்18பி20 சென்சாராக இருக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்தவுடன், முதல் அளவை எடுத்து முடிப்பதற்கு முன் அதன் உள்ளே இருக்கும் தொடக்க மதிப்பு 85. கம்பியில் தளர்ச்சி இருந்து மின்சாரம் ஒரு கணம் அறுந்து வந்தாலும் அதே மதிப்பு வெளிப்படும். பட்டுப்புழு மனையில் 85 டிகிரி உண்மையாக இருக்க வழியில்லை, ஆகையால் துல்லியமாக 85 என்று வந்தால் அதை அளவாகக் கொள்ளாமல் அளவு கிடைக்கவில்லை என்று கொள்ளும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள். லினக்ஸில் அந்த சென்சாரின் கோப்பில் முதல் வரியின் கடைசியில் ஆங்கிலத்தில் யெஸ் (ஆம்) என்று இருந்தால்தான் அளவு சரிபார்ப்பில் தேறியது என்று பொருள், அதையும் பாருங்கள். தொடர்ந்து சில முறை அளவு கிடைக்காவிட்டால், “சென்சார் பேசவில்லை” என்று தனிச் செய்தி போக வேண்டும்.

அடுத்து, ஒரே எல்லையை வைத்து ஒவ்வொரு நிமிடமும் ஒப்பிட்டு அனுப்பினால், எல்லையின் இருபுறமும் அளவு ஊசலாடும் மாலை நேரத்தில் செய்திகள் குவியும். குவிந்தால் கைப்பேசியை ஊமையாக்கி வைப்போம். ஊமையாக்கிய கைப்பேசிக்கு எவ்வளவு அனுப்பினாலும் பயனில்லை. நான் வைத்திருக்கும் முறை இது: 30ஐத் தாண்டும்போது ஒரு செய்தி. பிறகு 28க்குக் கீழே இறங்கும்வரை “இப்போது அதிகம்” என்ற நிலை ஒரு சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்த நிலையில் அரைமணிக்கு ஒருமுறை மட்டும் நினைவூட்டல். 28க்குக் கீழ் வந்ததும் “தணிந்துவிட்டது” என்று குறைந்த முன்னுரிமையில், ஒலியில்லாமல் ஒரு செய்தி. அந்தக் கடைசிச் செய்தியை அம்மா மிகவும் விரும்புகிறார், செய்த வேலைக்குப் பலன் கிடைத்தது தெரிகிறதல்லவா.

23 மார்ச் 2025

இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

மின்சாரம் போகிறது. ராஸ்பெர்ரி பை அணைகிறது, ராவுட்டர் அணைகிறது, மனையின் விசிறியும் நிற்கிறது. பகல் வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்கிறது. கூடு கட்டும் முன் கடைசியான ஐந்தாம் பருவப் புழு, தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கைத் தின்னும் அந்தச் சில நாள்களில் தட்டில் கிடக்கிறது. உங்கள் கைப்பேசியோ அமைதியாக இருக்கிறது. அமைதியாக இருப்பதால் எல்லாம் நலம் என்று நீங்கள் சந்தையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எச்சரிக்கை அனுப்ப வேண்டிய கணினியே அணைந்துவிட்டால் எச்சரிக்கை எப்படி வரும்? மனைக்கு மிகப் பெரிய ஆபத்து வரும் நேரமும் உங்கள் ஒற்றை வரிக் கட்டளை வாயடைத்துப் போகும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆகவே செய்தி வராததைக் கவனிக்கும் ஒருவர் மனைக்கு வெளியே, நம் மின்சாரத்தையும் நம் இணையத்தையும் சாராமல் இருக்க வேண்டும். ஹெல்த்செக்ஸ்.ஐஓ என்ற சேவை இதற்கென்றே இருக்கிறது, திறந்த மூலம், 20 கண்காணிப்புகள் வரை கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு கண்காணிப்பை உருவாக்கினால் உங்களுக்கென்று ஒரு முகவரி கிடைக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சுற்றிலும், சென்சாரைச் சரியாகப் படித்து முடித்த பிறகு, கர்லால் அந்த முகவரியைத் தொட வேண்டும். இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தொடுவேன், அதற்கு மேல் இத்தனை நிமிடம் பொறுக்கலாம் என்று அங்கே எழுதி வைப்பீர்கள். அந்த நேரத்துக்குள் தொடுகை வராவிட்டால், அந்தச் சேவையே நோட்டிஃபைக்கோ புஷ்ஓவருக்கோ டெலிகிராமுக்கோ செய்தி அனுப்பி உங்களை எழுப்பும்.

தொடுகையை எந்த இடத்தில் வைப்பது என்பதில் யோசனை தேவை. ஸ்கிரிப்டின் முதல் வரியில் வைத்தால், சென்சார் செத்துப் போனாலும் கணினி உயிரோடு இருக்கும்வரை எல்லாம் நலம் என்று வெளியே காட்டிக்கொண்டிருக்கும். சென்சாரைப் படித்து, அளவு நம்பத்தக்கதா என்று பார்த்து, அனுப்ப வேண்டிய எச்சரிக்கை இருந்தால் அது வெற்றியோடு போய்ச் சேர்ந்ததையும் உறுதி செய்த பிறகே தொட வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால் மின்வெட்டு, இணையத் துண்டிப்பு, சென்சார் பழுது, கெட்டுப்போன டோக்கன், மெமரி கார்டு நிரம்பியது ஆகிய அனைத்தும் வெளியே ஒரே அடையாளமாகத் தெரிகின்றன: தொடுகை வரவில்லை. காரணத்தைப் பிறகு ஆராயலாம், முதலில் மனைக்குப் போக வேண்டும்.

எங்கள் மனையில் பொறுக்கும் காலத்தை 15 நிமிடமாக வைத்திருக்கிறேன். அதற்கும் குறைத்தால் சிறு மின்வெட்டுக்கெல்லாம் மணி அடிக்கிறது. நன்றாகக் காற்றோட்டம் உள்ள மனையானால் கூட்டலாம்.

24 மார்ச் 2025

“ராவுட்டருக்கும் பைக்கும் இன்வெர்ட்டர் வைத்துவிட்டேன், இனி வெளிக் கண்காணிப்பு எதற்கு?” என்று ஒருவர் கேட்கிறார். இன்வெர்ட்டர் நல்லது. ராவுட்டருக்கென்று சிறு 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் தெருவில் கேபிள் அறுந்தால் இன்வெர்ட்டர் என்ன செய்யும்? இரண்டும் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது: மின்சாரம் போனதைக் கணினியே உணர்ந்து “கரண்ட் இல்லை, விசிறி நின்றிருக்கிறது” என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

2 ஏப்ரல் 2025

கைப்பேசிப் பக்கம். அனுப்புவது எவ்வளவு திடமாக இருந்தாலும் பெறும் கருவி தூங்கினால் வீண். ஆண்ட்ராய்டு 6 முதல், அதாவது 2015 முதல், கைப்பேசி அசையாமல் கிடந்தால் பின்னணிச் செயலிகளின் இணையத்தைக் கட்டுப்படுத்தும் முறை வந்தது. உயர் முன்னுரிமைச் செய்தி அந்தத் தூக்கத்தைக் கலைக்கும். ஆனால் சில தயாரிப்பாளர்கள் பேட்டரியைச் சேமிக்கத் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். அமைப்புகளுக்குள் சென்று, அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று குறியுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கான அனுமதியையும் தனியாகக் கேட்கும்; அந்தக் கேள்வியை அவசரத்தில் மறுத்துவிடும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மா, அப்பா கைப்பேசியில் நிறுவும்போது நீங்களே உடனிருந்து செய்யுங்கள்.

இரவில் தொந்தரவு செய்யாதே நிலையில் வைப்பவர்கள், நோட்டிஃபையின் மிக அவசர வகைக்கு மட்டும் அந்த நிலையை மீறும் அனுமதியைக் கொடுத்துவிடலாம். பிறகு, கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல், கட்டளை வரியிலிருந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். பகலில் கையில் வைத்துக்கொண்டு சோதிப்பது உண்மையான சோதனை ஆகாது.

10 ஏப்ரல் 2025

5 மார்ச் குறிப்பில் நோட்டிஃபையில் தொடங்குங்கள் என்று எழுதினேன். தொடங்குவதற்கு இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்தக் கோடையில் மனையோடு இருந்து பார்த்த பிறகு, உயிர்நாடியான எச்சரிக்கைக்கு மட்டும் புஷ்ஓவர் பக்கம் என் மனம் சாய்ந்திருக்கிறது. காரணம் ஒன்றுதான். அதன் முன்னுரிமை 2 என்ற அவசர நிலையில், பெறுபவர் “பார்த்துவிட்டேன்” என்று ஒப்புக்கொள்ளும்வரை மணி மீண்டும் மீண்டும் அடிக்கும். எத்தனை நொடிக்கு ஒருமுறை என்பதையும் எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் அனுப்பும்போதே கொடுக்க வேண்டும். இடைவெளி 30 நொடிக்குக் குறையக் கூடாது, மொத்த நேரம் 10,800 நொடியை, அதாவது 3 மணி நேரத்தை, தாண்டக் கூடாது. இவ்விரண்டையும் கொடுக்காமல் முன்னுரிமை 2 என்று மட்டும் அனுப்பினால் சேவை மறுத்துவிடும்.

பதிலில் ஒரு ரசீது எண் வரும். அதைக் கொண்டு, ஒப்புக்கொண்டார்களா, எப்போது என்று கர்லாலேயே பின்னர் கேட்கலாம். அம்மாவுக்கும் எனக்கும் தனித்தனியாகவே அனுப்புகிறேன், இரண்டு ரசீதுகள் கிடைக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் அம்மாவின் ரசீது ஒப்புதலாகாவிட்டால், பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவுக்கு அடுத்த செய்தியை ஸ்கிரிப்ட் அனுப்புகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதோடு, ஒரு மனிதர் அதைப் பார்த்தாரா என்பதும் இப்போது எனக்கு ஓசூரில் இருந்தபடியே தெரிகிறது. நோட்டிஃபை இன்னும் எங்களிடம் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு இரவின் உச்ச, குறைந்த அளவுகளை அது சொல்கிறது.

டேங்கின் நீர்மட்டம் போன்ற சிறு விஷயங்களுக்கு அவசர நிலையைப் பயன்படுத்தாதீர்கள்.

21 ஏப்ரல் 2025

டோக்கனைப் பற்றி. கர்ல் வரியிலேயே டோக்கனை எழுதினால், அந்தக் கணினியில் நுழைந்த எவரும் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்து அதைப் படித்துவிடலாம்; முனையத்தின் வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடும். டோக்கனை ஒரு அமைவுக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று அனுமதி வைத்து, கர்லில் கான்ஃபிக் விருப்பத்தால் அதைச் சுட்டுங்கள். ஸ்கிரிப்டை யாருக்காவது பகிரும்போதும் டோக்கன் கூடவே போகாது. பகிரக் கூடாத இடத்தில் போய்விட்டது என்று தோன்றினால், யோசிக்காமல் அந்தச் சேவையின் பக்கத்தில் புதிய டோக்கனை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

4 மே 2025

“இரண்டு மாதம் புழு வைக்கவில்லை, பெட்டியை அலமாரியில் வைத்திருந்தோம், இப்போது இயக்கினால் எதுவும் போகவில்லை, வெளியேறு எண் 60” என்று தேன்கனிக்கோட்டை வாசகர் எழுதியிருக்கிறார். பதிவுக் கோப்பு வைத்திருந்ததால் ஒரே எண்ணில் காரணம் புரிந்தது. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான மாதிரிகளில், மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5 இல் உண்டு, பேட்டரி ஒன்றை இணைத்தால். பழைய மாதிரிகள் கடைசியாக அணைந்தபோது இருந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கி, இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம் நடக்கும்வரை கணினிக்கு இன்னும் மார்ச் மாதம்தான். சேவையின் பாதுகாப்புச் சான்றிதழ் ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்டிருந்தால், “இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை” என்று கர்ல் மறுக்கும்.

இதற்காகச் சரிபார்ப்பையே முடக்கும் இன்செக்யூர் விருப்பத்தைப் போடச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. போடாதீர்கள். டோக்கன் யார் கைக்குப் போகிறது என்ற உறுதியே போய்விடும். நேரம் ஒத்திசையும்வரை ஸ்கிரிப்டைக் காத்திருக்கச் செய்யுங்கள், அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஎஸ்3231 கடிகாரத் துண்டைப் பையோடு இணைத்துவிடுங்கள். ராவுட்டர் நேரச் சேவையைத் தடுத்து வைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேன்கனிக்கோட்டை வாசகருக்கு அதுதான் நடந்திருந்தது.

11 மே 2025

கேள்வி கேட்ட தம்பி, இளம்புழு மையத்திலிருந்து அடுத்த தொகுதியை எடுத்து வரப்போவதாகவும் எல்லை அளவை என்ன வைப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

ஒரே எண் போதாது. முதல் பருவத்தில் 27, 28 டிகிரியும் 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரியும் 70 விழுக்காடும் அளவாக இருக்கும். மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்புக்குப் பிறகு வாங்கி வருவதால் உங்களுக்கு மூன்றாம் பருவத்திலிருந்துதான் கணக்கு. எல்லைகளை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் பருவவாரியாகத் தனிக் கோப்பில் எழுதி, இப்போது எந்தப் பருவம் என்பதை மட்டும் ஒரு வரியில் மாற்றும்படி வையுங்கள். தோலுரிப்பு நேரத்துக்கு “தோல்” என்று தனி நிலை வையுங்கள். அப்போது மனை உலர்ந்து காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்பதால் ஈரப்பதம் குறைந்ததற்கான எச்சரிக்கை போகாமல், கூடியதற்கான எச்சரிக்கை மட்டும் போக வேண்டும். பருவம் மாறியதைக் கோப்பில் எழுதியதும் “எல்லை மாற்றப்பட்டது: நான்காம் பருவம்” என்று ஸ்கிரிப்ட் உடனே ஒரு செய்தி அனுப்பட்டும், மாற்றியவருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரே தகவல் இருக்கும். கூடு கட்டும் நாள்களுக்கான எண்களை, புழுக்களைக் கூடு கட்டும் தட்டுக்கு ஏற்றும் முன் மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.